களிம்பில் ஒரு கை

ஐப்பசி மழை ஓய்ந்து வெயில் தலைகாட்டிய ஒரு காலையில்தான், சாப்பாட்டு மேசைக்கு மேலே தொங்கும் செம்பு விளக்கில் எலினா தன் புருஷனின் கையைப் பார்த்தாள். கிறிஸ்துராஜை அடக்கம்பண்ணி அப்போது இரண்டு மாதம் ஆகியிருந்தது.

காப்பி டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு எதற்கோ அண்ணாந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். கவிழ்த்துப் போட்ட புனல் மாதிரியான விளக்கு அது. வருஷக்கணக்கில் கறுத்துக் கறுத்து மண்டைவெல்லத்தின் நிறத்துக்கு வந்திருந்தது. அதன் விளிம்பை ஒட்டி வெளிப்புறத்தில் நீலம் கலந்த பச்சையாக நாலு தடங்கள். மயில்துத்தத்தைத் தொட்டு வைத்தது போல் இருந்தன. ஆள்காட்டி விரல், நடுவிரல், அடுத்தது பாதியிலேயே நின்றுபோன ஒன்று, பக்கத்தில் சுண்டுவிரல்.

அந்தப் பாதி விரலை அவளுக்குத் தெரியாதா? ராஜபாளையத்து நூல் மில்லில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் பஞ்சைச் சிக்கெடுக்கும் கார்டிங் மிஷின் எடுத்துக்கொண்ட விரல். பெண் பார்க்க வந்த அன்று அவர் இடது கையை வேட்டி மடிப்புக்குள்ளேயே வைத்துக்கொண்டிருந்ததும், காப்பித் தட்டை வாங்க இரண்டு கையையும் நீட்ட வேண்டி வந்ததும், அவள் பார்த்துவிட்டுப் பார்க்காத மாதிரி திரும்பிக்கொண்டதும் நேற்று நடந்தது போலிருந்தது.

ஸ்டூலை இழுத்துப்போட்டு ஏறினாள். தொடவில்லை. தன் கையைத் தடத்துக்கு ஒரு நூல் அளவு தள்ளி நிறுத்திப் பார்த்தாள்.

எப்படி வந்தது என்று யோசித்துப் பார்க்க வெகுநேரம் ஆகவில்லை. அவர் இறந்துபோன வாரத்து ஞாயிற்றுக்கிழமை. கோயில் முடிந்து வந்து, இதே மேசையில் உட்கார்ந்து ஊறுகாய்க்கு எலுமிச்சம்பழம் நறுக்கிக் கல் உப்புப் போட்டுப் பிசறிக்கொண்டிருந்தார். அப்போது பல்பு போயிற்று. உப்பும் சாறும் சொட்டச் சொட்ட அவர் ஸ்டூலில் ஏறிவிட்டார்.

"கையக் கழுவிட்டு ஏறுங்க. ஊருக்கெல்லாம் சட்டம் பேசுவீக, இப்ப நீங்களே ஈரக் கையோட தொடுதீகளே."

"ஒரு செகண்ட் வேலைட்டி. சும்மா தொணதொணங்காத."

இடது கையால் விளக்கைப் பிடித்துக்கொண்டு வலது கையால் பல்பை மாட்டினார். அவ்வளவுதான். செவ்வாய்க்கிழமை பழைய மில் கூட்டாளி ஒருவரைப் பார்க்க ராஜபாளையம் போனவர், பழைய பஸ் ஸ்டாண்டில் டவுன் பஸ்ஸிலிருந்து இறங்கிய இடத்திலேயே விழுந்தார். உப்பும் எலுமிச்சையும் செம்பை அரித்துக்கொண்டே இருந்திருக்கின்றன. அடைமழையின் ஈரத்தில் களிம்பு பூத்து மேலே வந்திருக்கிறது. அவர் உயிரோடு இருந்த வரைக்கும் கண்ணுக்குத் தெரியாத கை.

அந்த விளக்குகள் வீட்டுக்கு வந்த கதையே ஒரு கதை. கிறிஸ்துராஜ் எலெக்ட்ரீஷியனாக வேலை பார்த்த மில்லுக்கு ஒரு விருந்தினர் பங்களா இருந்தது. அந்தக் காலத்து முதலாளி ஆசை ஆசையாகக் கட்டியது. அதை இடித்தபோது உத்தரத்தில் தொங்கிய செம்பு விளக்குகள் சோணைமுத்து என்ற பழைய இரும்புக் கடைக்காரரின் வண்டியில் கிடந்தன. முப்பது வருஷமாக அந்த விளக்குகளுக்கு பல்பு மாற்றியவர் கிறிஸ்துராஜ்தான். வண்டியை மறித்து மூன்றைக் கேட்டு வாங்கி, துண்டில் பொதிந்து, பஸ்ஸில் மடியில் வைத்து ஸ்ரீவில்லிபுத்தூருக்குக் கொண்டுவந்தார். முன் அறைக்கு இரண்டு, சாப்பாட்டு மேசைக்கு ஒன்று.

அவற்றைத் தேய்க்க எலினா புளியைக் கரைத்துக்கொண்டு வந்தபோது அவர் பதறிப்போனார். கொச்சியிலிருந்து பழைய விளக்கு தேடி வந்த ஒருவர் பங்களா வாசலில் நின்றுகொண்டு, இந்த நிறத்தைக் கடையில் செய்ய முடியாது, காலம்தான் செய்ய வேண்டும் என்று அவரிடம் சொல்லியிருக்கிறார். அதிலிருந்து அதுவே அவருக்கு வேதவாக்கு. வீட்டுக்கு யார் வந்தாலும் அண்ணாந்து பார்க்க வைத்து அதைச் சொல்வார்.

அவருடைய தங்கை செல்லக்கனிக்கு மட்டும் அது ஏறவே இல்லை. அவள் ராஜபாளையத்தில் பேண்டேஜ் கம்பெனியில் வேலை பார்க்கிறவள். செம்பு என்றால் புளி போட்டுத் தேய்த்துப் பளபளவென்று கவிழ்க்க வேண்டும், இல்லாவிட்டால் அந்த வீட்டில் பொம்பளை இல்லை என்று அர்த்தம். ஒவ்வொரு வருகைக்கும் இது ஒரு சண்டை.

"ஏண்ணே, ஒரு உருண்டை புளிக்கு வக்கில்லாமப் போச்சா இந்த வீட்டுல? மைனியத்தான ஊரு பேசும்?"

"ஏட்டி, அதத் தொட்ட, கைய ஒடிச்சு அடுப்புல வச்சிருவேன். இந்த நெறம் வர எழுவது வருசம் ஆகியிருக்கு."

"எழுவது வருசமா பல்லு வெளக்காம ஒருத்தன் வந்து நின்னா அவனையும் இப்பிடித்தான் அண்ணாந்து பாத்துக் கும்பிடுவியோ?"

கிறிஸ்துராஜ் சிரித்துச் சிரித்துப் புரையேறி, எலினா தலையில் தட்ட வேண்டியிருக்கும்.

விளக்கில் கை இருப்பதை எலினா யாரிடமும் சொல்லவில்லை. பயம்தான். இரண்டு தெரு தள்ளி ஒரு வீட்டில், மழைக்குச் சுவரில் பூத்த ஈரம் சிலுவை மாதிரி இருக்கிறது என்று யாரோ சொல்லிவிட, மெழுகுவத்தியோடு பாதி ஊரும் சூடத்தோடு மீதி ஊரும் வந்து நின்றன. அந்த வீட்டுக்காரி ஒரு வாரம் சோறு பொங்க முடியாமல் கடையில் வாங்கித் தின்றாள். இறந்தவர் கை விளக்கில் தெரிகிறது என்றால் சும்மா விடுவார்களா? ஜெபக்கூட்டம் வைப்பார்கள். சாட்சி சொல்லச் சொல்வார்கள். அவர் எலுமிச்சம்பழம் பிசறின கையைக் கழுவாமல் ஏறினார், அவ்வளவுதான் சங்கதி. அதை வேறொன்றாக ஆக்க அவளுக்குப் பிடிக்கவில்லை.

காட்ட வேண்டிய ஆள் ஒருத்திதான். மகள் பிரிஸ்கில்லா.

பிரிஸ்கில்லா மஸ்கட்டில் இருந்தாள். அப்பா இறந்தபோது அவளுக்கு ஏழாம் மாதம். டாக்டர் விமானத்தில் ஏறக் கூடாது என்று சொல்லிவிட்டார். அடக்கத்தை யாரோ செல்ஃபோனில் பிடித்துக் காட்டினார்கள். பெட்டியைக் குழிக்குள் இறக்கும் நேரத்தில் சிக்னல் போய், திரும்ப வந்தபோது மண் மேடும் மாலையும்தான் தெரிந்தன. அதற்குப் பிறகு அவள் அழவே இல்லை என்று மருமகன் ரிச்சர்ட் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னான். பேச்சு வாக்கில் அவளே ஒருநாள் சொன்னாள்.

"அப்பா இன்னும் அந்த பஸ்ஸுல இருந்து எறங்கலம்மா எனக்கு. ராஜபாளையத்துக்குத்தான போயிருக்காக, வந்துருவாகன்னே இருக்கு."

சின்னப் பிள்ளையில் பள்ளிக்கூடத்துக்குப் போகும்போது பிரிஸ்கில்லா அப்பாவின் அந்தப் பாதி விரலைத்தான் பிடித்துக்கொண்டு நடப்பாள். மற்ற விரல்கள் அவள் பிடிக்கு நீளம். அது மட்டும் அவளுக்கென்றே வெட்டி வைத்த அளவு. வலது பக்கம் வா என்றாலும் சுற்றி இடது பக்கம் ஓடிப்போய் அதைப் பிடித்துக்கொள்வாள்.

எலினா ஃபோனில் படம் எடுத்துப் பார்த்தாள். எப்படி எடுத்தாலும் செம்பில் ஜன்னல் வெளிச்சம் விழுந்து ஒரு வெள்ளைத் திட்டுதான் வந்தது. வெளிச்சம் இல்லாமல் எடுத்தால் அழுக்கு. அதைப் பார்த்து யாரும் கை என்று சொல்ல மாட்டார்கள். எரிச்சலில் எல்லாவற்றையும் அழித்துவிட்டாள்.

"பிரிசி, அப்பா ஒனக்குன்னு ஒண்ணு வச்சிட்டுப் போயிருக்காக."

"என்னதும்மா?"

"ஃபோன்ல சொல்ற சங்கதி இல்ல. நீ வந்து பாக்கணும். வந்து தொடணும்."

"வருச ஜெபத்துக்கு எப்பிடியும் வந்துர்றேம்மா" என்றாள். குரல் உடைந்திருந்தது. இத்தனை நாள் உடையாத குரல்.

அந்த வருஷம் முழுவதும் எலினா விளக்கைக் காவல் காத்தாள். அதன் கீழே ஆவி பறக்க எதையும் வைக்கவில்லை. ஒட்டடைக் கம்பு அந்தப் பக்கம் போகவில்லை. களிம்பு மங்கிவிடுமோ என்று பயந்தாள். அது மங்கவில்லை, ஆழமாக இறங்கி, ஓரம் தெளிந்து, நகத்தின் வளைவுகூடத் தெரிந்தது. சாப்பிடும்போது அதற்கு நேர் கீழே உட்காராமல் எதிர்ப் பக்கம் உட்கார்ந்தாள். அங்கிருந்துதான் நாலும் தெரியும்.

வருஷ ஜெபத்துக்கு முந்தின நாள் சனிக்கிழமை. பிரிஸ்கில்லா பிள்ளையோடு திருவனந்தபுரத்தில் இறங்கி, செங்கோட்டை வழியாகக் காரில் ஞாயிறு காலை வந்துவிடுவாள். கல்லறைக் கல்லை ராஜபாளையத்தில் தென்காசி ரோட்டுப் பட்டறை ஒன்றில் செய்யக் கொடுத்திருந்தது. வேன்காரர் வேல்சாமி, கல்லை ஏற்றும்போது வீட்டு ஆள் ஒருவர் பக்கத்தில் இருந்தே ஆக வேண்டும், மூலை தெறித்தால் பழி தன் மேல் வரும் என்று சொல்லிவிட்டார். எலினாதான் போக வேண்டியிருந்தது. வீட்டை ஒழுங்குபண்ணச் செல்லக்கனி லீவு போட்டுவிட்டுக் காலையிலேயே வந்திருந்தாள்.

செருப்பை மாட்டும்போது எலினா திரும்பிச் சொன்னாள்: "செல்லம், வௌக்கத் தொட்ராத."

"அண்ணன் போயும் அவன் சட்டம் போகலையாக்கும். நீங்க போய்ட்டு வாங்க மைனி, நான் பாத்துக்கிடுதேன்."

கல் ஏற்ற நேரமாகிவிட்டது. வேனில் முன்னால் உட்கார்ந்து வந்தாள். பழைய பஸ் ஸ்டாண்டைத் தாண்டும்போது எப்போதும் போலத் தலையைக் குனிந்துகொண்டாள். வழியில் ரயில்வே கேட் அடைத்துக் கிடந்தது. நாளை இந்நேரம் பிரிசி பார்த்திருப்பாள் என்று நினைத்தாள். ஸ்டூலில் ஏறுவாள். பாதி விரல் மேல் தன் விரலை வைப்பாள். அப்புறம் அழுவாள். அழுது தீர்க்கட்டும். மடியில் போட்டுக்கொள்ள வேண்டியதுதான். கேட் திறந்தபோது எலினாவின் முகத்தில் ஏறக்குறைய ஒரு சிரிப்பு இருந்திருக்க வேண்டும். "என்னக்கா, ஊருல இருந்து மக வாராகளா?" என்று வேல்சாமி கேட்டார்.

கல்லைக் கல்லறைத் தோட்டத்தில் இறக்கிவிட்டு அவள் வீட்டுப் படி ஏறியபோது செல்லக்கனி வாசலிலேயே நின்றாள். முந்தானை இடுப்பில் செருகியபடி இருந்தது. முகமெல்லாம் வேர்வை.

"கண்ண மூடிக்கிட்டு வாங்க மைனி. நான் சொன்ன பொறவுதான் தொறக்கணும்."

எலினா கண்ணை மூடவில்லை. உள்ளே, மேசைக்கு மேலே, விளக்கு கல்யாணச் சீரில் வந்த புதுச் செம்புக் குத்துப்போணி மாதிரி சிவந்து ஜொலித்தது. இளஞ்சிவப்பும் பொன்னுமாய், பார்க்கக் கூசியது. விரல்கள் இருந்த இடத்தில் அவளுடைய முகம் நீளவாக்கில் இழுபட்டுத் தெரிந்தது.

முன் அறையின் மற்ற இரண்டு விளக்குகளும் பழையபடி கறுப்பாகவே தொங்கின.

"இதுலதான் மைனி களிம்பு ஜாஸ்தி. அந்த ரெண்டையும் நாளைக்குக் காலைல பாத்துருவோம், கை விட்டுப்போச்சு."

"எதுல தேச்ச?" என்று எலினா கேட்டாள். அவளுக்கே வேறு யாரோ கேட்டது போலிருந்தது.

"மகாராசபுரத்துப் புளி, கல்லுப்பு. பொறவு நம்ம கம்பெனி பேண்டேஜ் துணி. எம்புட்டு களிம்புங்கீக! ஒரு பக்கமா அப்பிக் கெடந்துச்சு, போகவே மாட்டேன்னுட்டு. வெசம்லா அது? பிரிசி கைப்பிள்ளைய வச்சுக்கிட்டு வாரா, அதுக்குக் கீழ ஒக்காந்து சோறு திங்கணுமா? கழத்தி மாட்டத் தெரியுமான்னு பாக்காதீக. எலெக்ட்ரீசியன் தங்கச்சிக்கு ஹோல்டர் கழத்தத் தெரியாதாக்கும்."

எலினா மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். "தொடாதன்னு சொல்லிட்டுத்தான செல்லம் போனேன்."

செல்லக்கனியின் முகத்திலிருந்த சிரிப்பு இருந்த இடம் தெரியாமல் போயிற்று. விளக்கை அண்ணாந்து பார்த்தாள்.

"சொன்னீக. தெரிஞ்சுதான் தேச்சேன். அவன் வைவான்லா. கைய ஒடிச்சு அடுப்புல வைப்பேன்னு சொல்லுவான்லா. தேக்கத் தேக்க, 'ஏட்டி'ன்னு பின்னால ஒரு சத்தம் வராதான்னு இருந்துச்சு மைனி. சண்டைக்காவது வர மாட்டானான்னு. முடிச்சு மாட்டிட்டு நின்னு பாத்தேன். ஒருத்தனும் வரல."

சேலைத் தலைப்பை வாயில் அமுக்கிக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

எலினாவுக்குச் சொல்ல ஒரு வாக்கியம் இருந்தது. அது நாக்கு நுனியில் முழுசாக, கூராக வந்து நின்றது. அதைச் சொன்னால் இவள் அந்த இடத்திலேயே நொறுங்கிப்போவாள், பிறகு எந்த நாளும் எழுந்து நிற்க மாட்டாள் என்பது தெரிந்தது. சொல்லாவிட்டால் தனக்கு என்ன ஆகும் என்றும் ஏறக்குறைய தெரிந்தது. செல்லக்கனியின் உள்ளங்கையில் விளக்கின் விளிம்பு கீறி ரத்தம் கசிந்திருந்தது. எலினா மிச்சமிருந்த பேண்டேஜ் துணியில் ஒரு துண்டைக் கிழித்துக் கட்டிவிட்டாள்.

பின்பக்கம் போய்ப் பார்த்தாள். புளித் தண்ணீரைக் கறிவேப்பிலைச் செடிக்கு ஊற்றியாகிவிட்டது, மண் குடித்துவிட்டிருந்தது. வாளிக்குள் தேய்த்த துணிகள் சுருண்டு கிடந்தன. புண்ணிலிருந்து எடுத்துப் போட்டவை போலப் பச்சையும் பழுப்புமாக இருந்தன. ஒவ்வொன்றாக விரித்துப் பார்த்தாள். ஒன்றை மட்டும் அலசாமல் கொடியில் காயப்போட்டாள். வெயில் தாழ்வதற்குள் அது வெறும் அழுக்குத் துணியாகக் காய்ந்தது.

மறுநாள் காலை பிரிஸ்கில்லா வந்தாள். அம்மாவைக் கட்டிக்கொண்டாள். உள்ளே வந்ததும் நின்றாள்.

"ஐயய்யோ, யாரு இதத் தேச்சது? அத்தையா? அப்பா பாத்தா..." என்று சிரித்தவள் பாதியில் நிறுத்தினாள்.

செல்லக்கனி பிள்ளையை வாங்கி விளக்குக்குக் கீழே தூக்கிப் பிடித்தாள். அது பளபளப்பைப் பார்த்து இரண்டு கையையும் நீட்டிக் கெக்கலித்தது. எல்லோரும் சிரித்தார்கள். எலினா சோறு பொங்குகிறதா என்று பார்க்கப் போனாள்.

ஜெபம் முடிந்து, சபையார் சாப்பிட்டுக் கிளம்பிய பிறகு, பிரிஸ்கில்லா அம்மாவின் கையைப் பிடித்து அறைக்குள் கூட்டிக்கொண்டு போனாள்.

"எங்கம்மா? அப்பா எனக்கு வச்சிருக்கறது?"

அவள் முகத்தில் ஒரு வருஷத்துக் காத்திருப்பு அப்படியே இருந்தது. கதவுக்கு வெளியே செல்லக்கனி பாத்திரம் அடுக்கும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. எலினா பீரோவைத் திறந்தாள். எதை எடுப்பது என்று தெரியாமல் கை துழாவியது. கிறிஸ்துராஜ் சட்டைப்பையில் எப்போதும் செருகியிருக்கும் டெஸ்டர் அகப்பட்டது. மஞ்சள் பிடி, நுனியில் கரி.

"இதுவா?" என்றாள் பிரிஸ்கில்லா.

"கடைசி வரைக்கும் பையில இருந்தது இதுதான்."

"தொடணும்னு சொன்னீகளேம்மா."

"ம்."

பிரிஸ்கில்லா அதை வாங்கி இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாள். நெற்றியில் வைத்துக்கொண்டாள். கண்ணில் தண்ணீர் வரும் என்று இரண்டு பேரும் காத்திருந்தார்கள். வரவில்லை. "நல்லாருக்கும்மா" என்று சொன்னாள், யாரோ கொடுத்த பரிசுக்குச் சொல்வது போல.

கல்லறைக்குப் போனபோதும் கல் வழுவழுப்பாக நன்றாக வந்திருப்பதாகச் சொன்னாள். லீவு இருந்த மட்டும் இருந்துவிட்டுப் போனாள். போன பிறகு பார்த்தால் டெஸ்டர் ஜன்னல் மேடையில் இருந்தது. ஃபோன் பண்ணிக் கேட்டபோது, "ஏர்போர்ட்ல பிடுங்கிருவாகம்மா, ஒங்ககிட்டயே இருக்கட்டும்" என்றாள். பிறகு பிள்ளைக்குப் பல் முளைத்ததைப் பற்றிப் பேசினாள்.

விளக்கின் ஜொலிப்பு அடங்க அதிக நாள் ஆகவில்லை. சிவப்பு குறைந்து, தேன் நிறமாகி, ஐப்பசி பிறந்ததும் மங்கத் தொடங்கியது. அந்த வருஷமும் நல்ல மழை. செண்பகத்தோப்பு மலைப் பக்கம் நாள்கணக்கில் மேகம் இறங்கியே கிடந்தது. வீட்டுக்குள் உப்பு ஜாடி கசிந்தது, தீப்பெட்டி நமுத்தது. எலினா பழையபடி எதிர்ப் பக்கமே உட்கார்ந்து சாப்பிட்டாள். பழக்கம்தான். அங்கிருந்து பார்க்க ஒன்றும் இல்லை.

மழை விட்ட ஒரு காலையில், காப்பி டம்ளரோடு உட்கார்ந்திருந்தபோது, விளிம்பில் பச்சை தெரிந்தது.

வராது என்று அவளுக்குத் தெரியும். புளியும் உப்பும் தேய்த்து எடுத்த பிறகு செம்பில் எதுவும் மிச்சம் இருக்காது என்று தெரியும். ஆனாலும் டம்ளரைத் தள்ளிவிட்டு எழுந்தாள். ஸ்டூலை இழுத்துப்போட்டாள். மேசையைப் பிடித்துக்கொண்டு ஏறினாள்.

தேய்த்து முடித்துத் திரும்ப மாட்டும்போது செல்லக்கனியும் கையைக் கழுவியிருக்கவில்லை. அதே விளிம்பு, அதே பக்கம். விரல்கள் சின்னதாக, நெருக்கமாகப் பதிந்திருந்தன. எலினா ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தாள். மூன்றாவதில் கொஞ்சம் நின்றாள்.

நாலு விரலும் முழுசாக இருந்தன.